காரலுக்கு ஒரு கம்பிக்கோடு

மோட்டாருக்குக் காயில் கட்டியே முப்பது வருடம் சோறு சாப்பிட்டவன் நான். அப்படிப்பட்டவன், எங்கள் பூனைக்கு வேலி போட அமெரிக்காவிலிருந்து மகள் அனுப்பிய பெட்டியைப் பிரித்ததும் அடாப்டரின் முதுகைப் படிக்காமல் சுவரில் செருகினேன். அங்கே 120 வோல்ட், இங்கே 230. 'டப்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, கடையில் தினமும் முகர்கிற அதே கருகல் வாசனை. "ஊரார் மோட்டார் எரிந்தால் அரைமணி நேரம் புத்தி சொல்வீர்களே" என்றாள் மனைவி. பதில் சொல்ல வாயில்லை. அதே வெளியீட்டு வோல்ட் உள்ள வேறொரு அடாப்டரை மறுநாள் ராமநாதபுரத்தில் வாங்கி வந்தேன்.

வேதாளையில் எங்கள் வீட்டுக்கு வடக்கே ராமேசுவரம் சாலை, தெற்கே மன்னார் வளைகுடா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் மீன் வண்டிகள் குறைந்து சாலை ஓய்ந்திருக்கும். தடை முடிந்து விசைப்படகுகள் திரும்பியதும் பிடிக்க முடியாது. ஐஸ் தண்ணீர் ஒழுக ஒழுகப் பறப்பார்கள். அப்படி ஒரு ஜூன் மாதத்தில்தான் பழைய பூனையை இழந்தோம். இப்போது இருப்பது காரல். காரல் மீனைப் போலவே வெள்ளி நிறம், கையில் நிற்காது. பனைமட்டை வேலி அதற்கு ஏணி.

மகள் அனுப்பியது மண்ணுக்குள் புதைக்கிற வேலி. அமெரிக்காவில் 1970களிலேயே நாய்களுக்காக வந்துவிட்டதாம். சங்கதி எளிது. வீட்டுக்குள் இருக்கும் ஒரு சிறு பெட்டி மெல்லிய ரேடியோ சமிக்ஞையை மண்ணில் புதைத்த கம்பிக்குள் அனுப்பும். பூனை நெருங்கினால் கழுத்துப்பட்டையில் உள்ள குட்டிக் காயில் அதை உணர்ந்து முதலில் பீப் ஒலிக்கும். மீறிப் போனால் கழுத்தில் சுருக்கென்று ஒரு அதிர்ச்சி. அந்த அதிர்ச்சி பட்டைக்குள் இருக்கும் பேட்டரியிலிருந்து வருகிறது, கம்பியிலிருந்து அல்ல. இதைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. அவர் காட்டுப்பன்றிக்குப் போடும் மின்வேலியை நினைத்துக்கொண்டு, போலீஸ் வரும் என்றார்.

குறைந்த அளவில் வைத்துப் பட்டையின் இரு முனைகளையும் உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தேன். ஷாக் அடித்துப் பழகிய கைதான், பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் நான் தெரிந்து தொட்டேன். மேற்கொண்டு படித்தபோது, பிரிட்டனில் வேல்ஸ் பகுதி நாய்க்கும் பூனைக்கும் இந்த அதிர்ச்சிப் பட்டையை 2010இலேயே தடை செய்திருப்பது தெரிந்தது. ஒலி மட்டும் வரும் நிலையில் வைத்தேன். இதுவரை மாற்றவில்லை.

கம்பி விஷயத்தில் என் தொழில் கைகொடுத்தது. கூட வந்த கம்பியின் உறை எனக்குத் திருப்தியாக இல்லை. எங்கள் உப்பு மண்ணில் ஒரு கீறல் போதும், செம்பில் களிம்பு ஏறிவிடும். கடையில் மிஞ்சிக் கிடந்த சப்மெர்சிபிள் வைண்டிங் கம்பியை எடுத்தேன். தண்ணீருக்குள்ளேயே காலம் தள்ளுவதற்காகச் செய்த கம்பி அது. முழு வளைவாக வீட்டைச் சுற்றவில்லை. கடல் பக்கம் காரல் போகட்டும், படகடியில் அதற்கு நாலு சிநேகிதர்கள் உண்டு. சாலைப் பக்கம் மட்டும் ஒரு நீளக் கொண்டை ஊசி வளைவு. போகிற கம்பியும் வருகிற கம்பியும் ஒட்டிக் கிடந்தால் ஒன்றின் புலத்தை மற்றது அழித்துவிடும். அதனால் நடுவே ஐந்தடி இடைவெளி. வீட்டிலிருந்து தோட்டம் வரை மட்டும் இரண்டையும் வேண்டுமென்றே முறுக்கி ஒன்றாக்கினேன், அங்கே பட்டை ஒலிக்கக் கூடாது. ஐப்பசி மழையில் மண் இளகியிருந்தது. இரண்டு அங்குல ஆழம், ஒரே பகலில் முடிந்தது.

பிறகு கோட்டை ஒட்டி வெள்ளைக் கொடிகள் நட வேண்டும், பூனை கண்ணால் எல்லையைப் பழகுவதற்கு. நட்ட அன்று மாலையே மூன்று பேர் வந்து, நாலுவழிச் சாலைக்கு அளந்துவிட்டார்களா, எத்தனை அடி போகிறது என்று கேட்டார்கள். ஒருவர் தன் வீட்டுப் பட்டாவையும் கையோடு கொண்டுவந்திருந்தார். இரண்டு வாரம் காலையும் மாலையும் பத்து நிமிடம். பீப் கேட்டால் காரலை இழுத்துத் திருப்பி, வாயில் இரண்டு சென்னாக்கூனி, அதாவது பொடி இறால். ஒன்பதாம் நாள் அது தானாகத் திரும்பியது. காது முதலில் பின்னால் மடிந்தது, பிறகு ஒரு முன்கால் அந்தரத்தில் நின்றது, பிறகு ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்து வாலை நக்கத் தொடங்கியது. சென்னாக்கூனிக்காக இல்லாத பீப்பைக் கேட்டதாகவும் அவ்வப்போது நடித்தது.

தை பிறக்க நாலு நாள் இருந்தபோது பெட்டி கத்தியிருக்கிறது. கம்பி அறுந்தால் அது கத்தும். மனைவி செல்போன் சார்ஜர் கெட்டுவிட்டதென்று பிடுங்கி வைத்துவிட்டாள். பொங்கலன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை அந்தச் செத்த வேலிக்கு இந்தப் பக்கம்தான் காரல் உட்கார்ந்து மீன் வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தது.

அறுந்த இடத்தைத் தேட, இலங்கை வானொலி கேட்க அப்பா வாங்கிய டிரான்சிஸ்டரை எடுத்தேன். பெட்டியின் முனையில் ஒரு சோக் காயிலை மாட்டி, மத்திய அலையில் முள்ளை அடிக்கோடிக்குத் திருப்பி, கம்பித் தடத்தில் நடந்தால் 'டிக் டிக்' என்று துடிப்பு கூடவே வரும். வந்தது. பனங்கிழங்குப் பாத்தியின் ஓரத்தில் சட்டென்று நின்றது. தோண்டினால், மண்வெட்டி வாயின் அகலத்துக்குச் சுத்தமான வெட்டு. பொங்கலுக்கு நாங்கள் அவித்துத் தின்ற கிழங்கெல்லாம் அங்கிருந்து எடுத்ததுதான்.

ஈயம் வைத்துப் பற்றவைத்து, பிசின் பூசி மூடினேன். பாத்தியை நகர்த்துவதா, கம்பியை நகர்த்துவதா என்று இரண்டு நாள் பேச்சு நடந்தது. கம்பி இப்போது மூன்று முழம் தள்ளிப் போகிறது.