எய்ட் மைலுக்கு வடக்கே

அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வரும் தமிழர்களுக்கு முதல் வாரத்திலேயே ஓர் அறிவுரை கிடைத்துவிடும். "ட்ராய், நோவை, எங்க வேணா வீடு பாருங்க. எய்ட் மைலுக்குத் தெற்கே மட்டும் வேண்டாம்." எய்ட் மைல் என்பது நகரத்தின் வடக்கு எல்லையில் ஓடும் அகலமான சாலை. ஏன் என்று கேட்டால், "அறுபத்தேழுல கலவரம், அதோட ஊர் போச்சு" என்று கதையை முடித்துவிடுவார்கள். கார் தொழிலை நம்பி வந்த நாங்களும் நோவையில்தான் வாடகைக்கு அமர்ந்தோம். நல்ல பள்ளிக்கூடம், பக்கத்திலேயே இந்தியக் கடை, வேறென்ன வேண்டும்?

அந்தக் கலவரத்துக்கு முந்தைய கதையை எனக்குச் சொன்னவர் பிளான்ட்டில் கூட வேலை பார்த்த, ஓய்வு பெறும் வயதிலிருந்த ஒரு கறுப்பினப் பெரியவர். டவுன்டவுனில் ஒரு மீட்டிங் முடிந்து அவர் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஐ-375 ஃப்ரீவேயில் இறங்கியதும், "இப்போ எங்க அப்பா கடைக்குள்ள போயிட்டு இருக்கோம்" என்றார். சிரிக்கவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். பள்ளத்தில் ஓடும் சாலை, இருபுறமும் கான்கிரீட் சுவர், மேலே குறுக்குப் பாலங்கள். மொத்தமே ஒரு மைல்தான் இருக்கும்.

அங்கேதான் ஹேஸ்டிங்ஸ் தெரு இருந்தது. பிளாக் பாட்டம், பாரடைஸ் வேலி என்ற இரண்டு கறுப்பினக் குடியிருப்புகளுக்கும் அதுதான் கடைத்தெரு. முடிதிருத்தும் கடை, மருந்துக்கடை, ஜாஸ் கிளப், சர்ச் எல்லாம் அதில். வீடுகள் பழையவை, நெரிசலானவை என்பது உண்மை. தெற்கு மாநிலங்களிலிருந்து கார் ஆலை வேலைக்கு வந்தவர்களுக்கு வேறு எங்கும் வீடு தரமாட்டார்கள் என்பதால் வந்த நெரிசல் அது. 1949 வீட்டுவசதிச் சட்டம் 'சேரி ஒழிப்பு'க்கு மத்திய அரசுப் பணத்தைத் திறந்துவிட்டது. நகராட்சி பிளாக் பாட்டத்தை இடித்துத் தள்ளியது. இடித்த நிலம் சில வருடங்கள் புதர் மண்டிக் கிடந்தது. அப்புறம் மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்த லஃபாயெட் பார்க் வந்தது. கட்டடக்கலை மாணவர்கள் இன்றும் தேடி வந்து பார்க்கும் அழகான இடம். ஆனால் அங்கே வீடெடுக்க, வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோரிடம் பணமில்லை. ஹேஸ்டிங்ஸ் தெரு ஃப்ரீவேக்குப் போனது.

போனவர்கள் எங்கே போனார்கள்? அதுவரை யூதக் குடும்பங்கள் நிறைய இருந்த 12ஆம் தெருப் பக்கம். ஒரு வீட்டை மூன்றாகத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். அந்தப் பகுதியின் ஜன நெருக்கடி நகரச் சராசரியைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று பின்னர் அறுபத்தேழுக் கலவரங்களை விசாரித்த கெர்னர் கமிஷன் எழுதியது. 1967 ஜூலை 23 ஞாயிறு விடியற்காலையில், 12ஆம் தெருவும் கிளேர்மவுன்ட்டும் சந்திக்கும் இடத்தில் உரிமமில்லாத மதுக்கூடம் ஒன்றில் போலீஸ் நுழைந்தது. அங்கே தொடங்கிய கலவரத்தில் 43 பேர் இறந்தார்கள், 7,000 பேருக்கு மேல் கைதானார்கள், ராணுவம் இறங்கியது. வீட்டுப் பிரச்சினை மட்டும்தான் காரணம் என்றால் அது தப்பு. போலீஸின் நடத்தை, வேலையின்மை, வீடு மூன்றையும் மக்களின் முதல் வரிசைக் குறைகளாக அந்தக் கமிஷனே வைத்தது. ஆனால் அவ்வளவு பேர் அந்த ஒரு தெருவில் அடைபட்டது தானாக நடந்ததல்ல.

எய்ட் மைலுக்குச் சற்றுத் தெற்கே பர்வுட் தெருவின் வீட்டுக் கொல்லைகளை ஒட்டி ஒரு சுவர் போகிறது. ஆறடி உயரம், சுமார் அரை மைல் நீளம். 1941இல் வெள்ளையர்களுக்கு வீடு கட்ட நினைத்த ஒரு மனை வியாபாரிக்கு, பக்கத்தில் கறுப்பினத்தவர் இருப்பதால் கடனுக்கு மத்திய அரசின் உத்தரவாதம் கிடைக்கவில்லை. நடுவே சுவர் எழுப்பினார், உத்தரவாதம் கிடைத்தது. இன்று அதில் ஒரு பகுதியில் வண்ண ஓவியங்கள் இருக்கின்றன, பக்கத்தில் பிள்ளைகள் விளையாடும் பூங்கா.

கிழக்கே ஏரிக்கரையில் க்ரோஸ் பாயின்ட் என்ற பணக்காரப் பகுதி. அங்கே வீட்டுத் தரகர்கள் வாங்க வருபவருக்கு ரகசியமாக மதிப்பெண் போட்டது 1960இல் அம்பலமானது. தோல் எவ்வளவு கறுப்பு, பேச்சில் எவ்வளவு அயல் வாடை, இதெல்லாம் கேள்விகள். போலந்துக்காரருக்கு ஒரு பாஸ் மார்க், இத்தாலியருக்கு அதைவிடக் கூடுதல், யூதருக்கு இன்னும் கூடுதல். கறுப்பினத்தவருக்கும் ஆசியருக்கும் பரீட்சையே கிடையாது, நேராக நிராகரிப்பு. சென்னையில் வாடகை வீடு தேடும்போது "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது புதிதில்லை. கேள்வியைப் படிவமாக அச்சடித்திருந்ததுதான் புதிது.

பிறகு ராயல் ஓக்கில் 1940களில் கட்டிய ஒரு வீட்டை வாங்கினோம். க்ளோஸிங்குக்கு, அதாவது வீடு கைமாறும் கையெழுத்து நாளுக்கு, முன் வந்த காகிதக் கட்டில் பழைய மனை நிபந்தனைகளின் நகல் இருந்தது. வேலி உயரம், கோழி வளர்க்கக் கூடாது, அதற்கடுத்து: வெள்ளையர் அல்லாத எவரும் இங்கே குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. என் மனைவி அதை இரண்டாம் முறை சத்தமாகப் படித்தாள். வக்கீல், "1948லயே இதையெல்லாம் கோர்ட் மூலமா அமல்படுத்தக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிட்டாங்க, கவலைப்படாதீங்க" என்றார். உண்மைதான், அந்தத் தீர்ப்பில் சேர்ந்த வழக்குகளில் ஒன்று டெட்ராய்ட்டிலிருந்தே போனது. இந்தியர் வெள்ளையர் அல்லர் என்று 1923இல், குடியுரிமை கேட்ட பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில் அதே கோர்ட் சொல்லியிருந்ததால், அந்த வரி எங்களையும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருந்தது. 1965 குடியேற்றச் சட்டத்துக்கும் 1968 நியாய வீட்டுவசதிச் சட்டத்துக்கும் பிறகு வந்ததால் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கினோம். இரண்டுக்கும் பின்னால் கறுப்பினத்தவரின் போராட்டம் இருக்கிறது. நம் சங்க விழாக்களில் இதை யாரும் பேசி நான் கேட்டதில்லை. "நல்ல ஸ்கூல்" பற்றித்தான் பேச்சு. நகரத்தையும் புறநகரையும் ஒரே பள்ளித் திட்டத்தில் சேர்க்க வேண்டியதில்லை என்று 1974இல் ஒரு டெட்ராய்ட் வழக்கில் வந்த தீர்ப்புக்கும் அந்த நல்ல பள்ளிகளுக்கும் தொடர்பு உண்டு.

பிறகு ஐ-375ஐ நிரவித் தரைமட்டச் சாலையாக்க ஒரு திட்டம் வந்தது. 2022இல் மத்திய அரசு 10 கோடி டாலருக்கு மேல் அறிவித்தது. பள்ளத்தை மூடினால் நகரத்தின் நடுவே கணிசமான நிலம் மிஞ்சும், அது யாருக்கு என்பதுதான் வாக்குவாதமாக இருந்தது. செய்தி வந்ததும் பெரியவருக்கு ஃபோன் செய்து, உங்கள் குடும்பத்துக்கு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன். "எங்க அப்பா கடை வாடகைக் கடைப்பா, எங்ககிட்ட எந்தக் காகிதமும் இல்ல" என்றார்.