மம்மத் என்ற அடைமொழி

ஒரு மொழிபெயர்ப்பைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தபோது 'மம்மத் யானை போன்ற பணி' என்ற தொடர் கண்ணில் பட்டது. மூலத்தில் இருந்தது 'மம்மத் டாஸ்க்', அதாவது மிகப் பெரிய வேலை. மொழிபெயர்த்தவர் அகராதியில் முதலில் கண்ட, அழிந்துபோன யானையினம் என்ற பொருளை அப்படியே எடுத்து வைத்திருந்தார். சிரித்துவிட்டுத் திருத்தினேன், ஆனால், விலங்கின் பெயர் அடைமொழியான கதையைத் தேடிப் படித்த பிறகு, யானை விஷயத்தில் தவறியவர் அவர் மட்டுமல்லர் என்று தெரிந்தது.

சைபீரிய மண்ணில் புதைந்து கிடந்த தந்தங்களுக்கு உரிய விலங்கின் பெயராக, ரஷ்ய மொழி வழியே ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. 1801-இல் ஓவியர் சார்லஸ் வில்சன் பீல் நியூயார்க் மாநிலத்தில் தோண்டியெடுத்துப் பிலடெல்பியாவில் காட்சிக்கு வைத்த மாபெரும் எலும்புக்கூட்டை மக்கள் மம்மத் என்றே அழைத்தனர். அதே ஆண்டு மாசசூசெட்ஸின் செஷயர் ஊரார் 1,235 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 560 கிலோ எடையில் ஒரே பாலாடைக்கட்டியைச் செய்து, 1802 புத்தாண்டு நாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜெபர்சனுக்குப் பரிசளித்தனர். அவருடைய அரசியல் எதிரிகள் அதை 'மம்மத் சீஸ்' என்று எள்ளினர். கேலிக்குச் சொன்னது நிலைத்துவிட்டது. இதில் வேடிக்கை, பீல் தோண்டியெடுத்தவை மம்மத்தின் எலும்புகளே அல்ல, அதன் தூரத்து உறவான மாஸ்டடானின் எலும்புகள். கென்டக்கியின் மம்மத் குகைக்கும் அதன் அளவால்தான் அந்தப் பெயர். விலங்கின் எலும்பு எதுவும் அங்கே கிடைத்ததால் அன்று.

இன்றைய வழக்கில் இச்சொல் பெரும்பாலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தான் நிற்கிறது. 'தி டாஸ்க் இஸ் மம்மத்' என்று பின்னால் வைப்பது பிழையன்று, ஆனால் அவ்வளவாக வழக்கில் இல்லை. 'வெரி மம்மத்' என்பதோ காதை உறுத்தும். மிகுதி அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறதே.

தமிழில் இதற்குக் கைக்கு வரும் முதற்சொல் 'பிரம்மாண்டமான' என்பது. அது கண்ணுக்கு முன் விரியும் மேடைக்கும் மண்டபத்துக்கும் பொருந்தும். ஆனால், அறை நிறையக் குவிந்து கிடக்கும் பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வகைப்படுத்தும் வேலையைப் பிரம்மாண்டமான பணி என்றால், அதில் இல்லாத பகட்டு வந்து ஒட்டிக்கொள்கிறது. 'இமாலய' என்பதை வெற்றிக்கும் சாதனைக்கும் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டோம். முடிப்பதற்கு ஆகும் உழைப்பை நினைத்தே திகைத்து நிற்பதைச் சொல்ல 'மலைப்பூட்டும்' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அந்த வரியையும் அப்படித்தான் திருத்தினேன். யானையை எடுத்துவிட்டு மலையை வைத்துவிட்டீர்களே என்று மொழிபெயர்த்தவர் கேட்டார்.