அது வேற

"பாரதியிலயும் டிஷ் இருக்கேண்ணா?"

எங்கள் அலுவலகத்து இன்டர்ன் பெண் கேட்டாள். பாரதி என்றால் அண்டார்டிகாவில் இருக்கும் நம் நாட்டு ஆய்வு நிலையம். இதற்கு நான் சொன்ன பதில் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. "அது வேற மா" என்றேன். "எப்படி வேற?" என்று கேட்டாள். "நோட் அஞ்சு மணிக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

2024 ஏப்ரல். அடுத்த மாதம் கொச்சியில் அண்டார்டிக் ஒப்பந்த நாடுகளின் கூட்டம் என்பதால் டெல்லியில் எங்களைப் போல ஆய்வு நிறுவனங்களில் இருந்தவர்கள் எல்லாருக்கும் துருவ வேலைதான். சீனா தென்துருவத்தில் என்ன செய்கிறது என்று நான்கு பக்க நோட் எழுதும் பொறுப்பு எனக்கு. பிப்ரவரியில்தான் அண்டார்டிகாவின் ராஸ் கடலோரம் அவர்களுடைய ஐந்தாவது நிலையமான சின்லிங்கைத் திறந்திருந்தார்கள். அமெரிக்காவின் மெக்மர்டோ நிலையம் அங்கிருந்து 320 கிலோமீட்டர்தான். திட்டத்தில் செயற்கைக்கோள் தரைநிலையமும், அதாவது செயற்கைக்கோள் அனுப்புவதை வாங்கும் டிஷ்ஷும், இருந்தது, அதை வைத்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கத்துச் சிக்னல்களை ஒட்டுக்கேட்க முடியும் என்று வாஷிங்டனின் சிஎஸ்ஐஎஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023லேயே எழுதியிருந்தது. நான் அந்த 'முடியும்' என்பதைத் தூக்கிவிட்டு "ராணுவப் பயன்பாடு கொண்ட நிலையம்" என்று எழுதினேன். இரண்டு பத்தி தள்ளி நம்முடைய பாரதி வந்தது. அதற்கு "அறிவியல் நிலையம்".

அந்தப் பெண் மதுரைக்காரி, இன்டர்னாக வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பாரதி இருக்கும் லார்ஸ்மன் குன்றுகளின் வரைபடத்தை அச்செடுத்து, ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தாள். அந்த வட்டத்துக்குள்ளே நம் பாரதி, சீனாவின் ஜோங்ஷான், ரஷ்யாவின் புரோகிரஸ் மூன்றும் இருந்தன. பாரதிக்கும் ஜோங்ஷானுக்கும் நடுவே பத்து கிலோமீட்டர்கூட இல்லை.

அவள் கேட்டதில் தப்பே இல்லை. துருவங்களைச் சுற்றும் செயற்கைக்கோள் ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை போல பூமியைச் சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் துருவத்துக்குப் பக்கத்தில் போகிறது. ஹைதராபாத் பக்கம் ஷாத்நகரில் இருக்கும் டிஷ்ஷுக்கு அதில் சில சுற்றுகள்தான் எட்டும். துருவத்தை ஒட்டிய டிஷ்ஷுக்குப் பெரும்பாலான சுற்றுகள் கிடைக்கும். அதற்காகத்தான் இஸ்ரோ 2013இல் பாரதியில் தரைநிலையம் வைத்தது. அதே காரணத்துக்காகத்தான் நார்வே வடதுருவப் பக்கத்துத் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் வைத்திருக்கிறது, சீனாவும் வைக்கிறது. வந்து இறங்கும் படத்தில் நெல் வயலும் தெரியும், ராணுவ முகாமும் தெரியும், டிஷ்ஷுக்கு அந்த வித்தியாசம் கிடையாது.

ஆனால் நான் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். சீனா தன் 2015 தேசியப் பாதுகாப்புச் சட்டத்திலேயே விண்வெளி, ஆழ்கடல் இரண்டோடு துருவங்களையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறது. 2018 வெள்ளை அறிக்கையில் தன்னை 'ஆர்க்டிக்கை ஒட்டிய நாடு' என்று சொல்லிக்கொண்டது, அதன் வடகோடியிலிருந்து ஆர்க்டிக் வட்டம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். நாம் அப்படியெல்லாம் எழுதி வைக்கவில்லையே. கருவி ஒன்றாக இருந்தாலும் வைத்திருப்பவர் யார் என்று பார்ப்பதுதானே எங்கள் வேலை? சரி, அப்படியென்றால் அந்தக் காரணத்தை நோட்டில் எழுதியிருக்க வேண்டும். டிஷ்ஷைக் காரணமாகக் காட்டிவிட்டு நம் டிஷ்ஷைப் பற்றி வாயே திறக்காமல் விட்டிருக்கக் கூடாது.

வடதுருவப் பக்கம் என்றால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். அங்கே எதுவும் ஒளிவுமறைவாக இல்லை. கோலா தீபகற்பத்தில் ரஷ்யாவின் அணு நீர்மூழ்கிகள் நிற்பது ஊருக்கே தெரியும், 2023இல் பின்லாந்தும் 2024இல் ஸ்வீடனும் சேர்ந்த பிறகு ஆர்க்டிக் நாடுகளின் கூட்டமைப்பான ஆர்க்டிக் கவுன்சிலின் எட்டு நாடுகளில் ஏழு நேட்டோவில் இருக்கின்றன. அதை ராணுவம் என்று எழுதினால் யாருக்கும் எதுவும் மாறப்போவதில்லை. தெற்கில் அப்படி இல்லை. 1959 அண்டார்டிக் ஒப்பந்தத்தின் முதல் பிரிவு ராணுவத் தளம், பயிற்சி, ஆயுதச் சோதனை எல்லாவற்றையும் தடை செய்கிறது, ஆனால் ஆராய்ச்சிக்காகவோ வேறு அமைதிப் பணிக்காகவோ ராணுவ ஆட்களையும் கருவிகளையும் கொண்டுவரலாம் என்கிறது. மெக்மர்டோவுக்குச் சாமான் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அமெரிக்க ராணுவம்தான். அப்படிப்பட்ட இடத்தில் 'ராணுவம்' என்று எழுதினால் அது ஒப்பந்தத்தை மீறியதாகச் சொல்லும் குற்றச்சாட்டு. அந்தக் குற்றச்சாட்டை வைக்க என் கையில் ஆதாரம் இல்லை, ஊகம்தான் இருந்தது. ஊகம் சரியாகக்கூட இருக்கலாம், பெரும்பாலும் சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அப்புறம் ஏழாவது பிரிவு. அதன்படி ஒப்பந்தத்தில் முடிவெடுக்கும் உரிமையுள்ள ஆலோசனை நாடுகளின் (நாமும் சீனாவும் அதில் உண்டு) பார்வையாளர்கள் எந்த நிலையத்துக்குள்ளும் எந்த நேரமும் போய்ப் பார்க்கலாம். சின்லிங்குக்கு நாம் போகலாம், பாரதிக்கு அவர்கள் வரலாம். வந்து அந்த டிஷ்ஷைக் காட்டிக் கேட்டால் "அது வேற" என்று சொல்லி அனுப்பிவிட முடியாது. நான் சொல்லி அனுப்பியது என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவளை. அதற்குப் பிறகு ஜூனில் அவள் கிளம்பும் வரை என் வரைவுகளில் எழுத்துப்பிழை மட்டும்தான் திருத்திக் கொடுத்தாள்.

'கூடிய' என்று ஒரு சொல் போதும். "ராணுவத்துக்கும் பயன்படக்கூடிய", கீழே பாரதிக்கும் அதே வரி. அரை மணி நேர வேலைகூட இல்லை. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அஞ்சு மணி, அஞ்சு மணி என்று அவளை அவசரப்படுத்தி அனுப்பிய நோட்டைத் திங்கட்கிழமை காலை வரை யாரும் திறக்கவே இல்லை.