வேலைக்குப் போய்க்கொண்டே எம்பிஏ: எந்தப் பிரிவு எடுப்பது?

இக்னோ என்கிற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்பிஏ சேரப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ஃபைனான்ஸா எச்ஆரா என்பதுதான். அதற்கு முன்னால் நேரக்கணக்கைப் பாருங்கள். அங்கே 1 கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு, அப்படியென்றால் 4 கிரெடிட் பாடம் ஒன்றுக்கே 120 மணி நேரம் வேண்டும், ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு அதை எடுத்தாக வேண்டும்.

நான் கோவையில் பம்ப்செட் கம்பெனியில் உற்பத்திப் பிரிவில் இருக்கிறேன். தெரிந்த வேலைதானே, ஆபரேஷன்ஸ் எடு என்றார்கள். நான் ஃபைனான்ஸ் எடுத்தேன். நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடத் தொழிலை ஓட்டத் தேவைப்படும் பணம் பற்றிய பாடத்தைப் படித்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வார்ப்பு கொடுப்பவருக்கு 30 நாளில் பணம் தர வேண்டும், டீலரிடமிருந்து வருவதோ 90 நாளில். நடுவில் உள்ள 60 நாளுக்கு வங்கிக் கடன், அதற்கு வட்டி. குடோனில் அடுக்கி வைத்திருந்த மோட்டார்களை மறுநாள் பார்த்தபோது, முடங்கிக் கிடக்கும் பணமாகத்தான் தெரிந்தது.

ஏற்கெனவே செய்யும் வேலையையே சிறப்புப் பிரிவாக எடுக்காதீர்கள். பக்கத்து மேஜைக்காரர் என்ன செய்கிறார் என்று புரியவில்லையா, அதை எடுங்கள். அப்புறம் அசைன்மென்டைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.