நாள் கணக்கும் பேட் கணக்கும்

2-ம் தேதி வந்த பீரியட்ஸ் 30-ம் தேதி மறுபடி வந்தால், "மாசத்துக்கு ரெண்டு தடவை வருது" என்று பதறிப்போகிறவர்கள் நிறைய. நடுவில் 28 நாள் இருக்கிறது. அதில் ஒரு கோளாறும் இல்லை. ரத்தப்போக்கு சரியாகத் தொடங்கிய நாள்தான் முதல் நாள். லேசான பழுப்புக் கறையை எண்ண வேண்டாம். அடுத்தது தொடங்குவதற்கு முந்தின நாள் வரை ஒரு சுற்று. அது 24 முதல் 38 நாளுக்குள் இருந்து, போக்கு 8 நாளுக்குள் நின்றால் இயல்பு. வயதுக்கு வந்து இரண்டு மூன்று வருஷம் வரை 45 நாள்கூட ஆகலாம். ஒரு மாதம் 27, அடுத்த மாதம் 32 என்று மாறுவதும் சரிதான். சுற்றுக்குச் சுற்று வித்தியாசம் 9 நாளைத் தாண்டிக்கொண்டே இருந்தால் கவனிக்க வேண்டும்.

வேலைக்காக பெங்களூருக்கு வந்த பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால், "இந்த ஊர் குளிர் ஒத்துக்கலை" என்பார்கள். குளிரைக் குறை சொல்லிப் பயனில்லை. கருமுட்டை வெளிவந்த பிறகு பீரியட்ஸ் வர ஏறக்குறைய 12 முதல் 14 நாள் ஆகும். இது பெரிதாக மாறாது. மாறுவது அதற்கு முந்தின பகுதி. எலக்ட்ரானிக் சிட்டியில் நைட் ஷிஃப்ட், பிஜி விடுதிச் சாப்பாடு பிடிக்காமல் இளைத்துப்போவது, காய்ச்சல், மனக்கவலை எல்லாம் கருமுட்டை வருவதைத் தள்ளிப்போடும். அது பத்து நாள் தள்ளினால் பீரியட்ஸும் பத்து நாள் தள்ளும். (கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் முதலில் அந்த டெஸ்ட், மற்றதெல்லாம் பிறகு.)

கருமுட்டையே வராத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மட்டும் கருப்பையின் உள்வரியை (உள்பக்கப் படலத்தை) தடிக்கவைத்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அது தாறுமாறாக உதிரும். இரண்டு மாதம் வராமல் இருந்து, பிறகு பதினைந்து நாள் நிற்காமல் போவது பெரும்பாலும் இப்படித்தான். பிசிஓஎஸ் (கருமுட்டை சரியாக வெளிவராத ஹார்மோன் கோளாறு), தைராய்டு, நாற்பதுகளின் ஹார்மோன் மாற்றம் எல்லாம் இந்த வழியில்தான் வேலை செய்கின்றன. 90 நாள் வரவில்லை என்றால், எந்த வயதானாலும் டாக்டரைப் பாருங்கள். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ நாள் தள்ள மாத்திரை போட்டிருந்தால், நிறுத்திய இரண்டு மூன்று நாளில் போக்கு வரும். தேதிக்குப் பக்கத்தில் 'மாத்திரை' என்று எழுதிவையுங்கள். அந்தச் சுற்றை வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம்.

போக்கின் அளவில்தான் அதிகம் ஏமாறுகிறோம். "ஒரு நாளைக்கு எத்தனை பேட்?" என்பது டாக்டரின் முதல் கேள்வி. பொம்மனஹள்ளியிலோ பீன்யாவிலோ கார்மென்ட்ஸில் தைக்கிற பெண்ணுக்கு பாத்ரூம் போகவே நேரம் பார்க்க வேண்டியிருந்தால், கொட்டினாலும் இரண்டு பேட்தான். வீட்டில் இருப்பவர் சுத்தத்துக்காகவே ஆறு மாற்றுவார். எண்ணிக்கை ஒன்றும் சொல்லாது. ஒவ்வொரு பேடும் எவ்வளவு நனைந்தது என்பதுதான் சொல்லும்.

இதற்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்கு ஒன்று இருக்கிறது. லேசாகக் கறைபட்ட பேட் 1 மதிப்பெண், பாதி நனைந்தது 5, முழுக்க ஊறியது 20. சின்ன ரத்தக் கட்டி 1, பெரிய கட்டி 5. ஒரு சுற்றின் மொத்தம் 100-ஐத் தாண்டினால் இழப்பு 80 மில்லியைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். வழக்கமான இழப்பு 30, 40 மில்லிதான். உதாரணத்துக்கு ஒருவருக்கு முதல் நாள் பாதி நனைந்தது இரண்டு, லேசானது ஒன்று: 11. இரண்டாம் நாள் ஊறியது மூன்று, பாதி ஒன்று, பெரிய கட்டி இரண்டு: 75. மூன்றாம் நாள் ஊறியது ஒன்று, பாதி இரண்டு: 30. நான்காம் நாள் லேசானது இரண்டு. மொத்தம் 118. நாலே நாளில் முடிந்துவிட்டதால், இவர் தனக்கு அதிகம் போகிறது என்று நினைக்கவே மாட்டார். மென்சுரல் கப் வைப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். பல கப்களில் மில்லிக் கோடே இருக்கிறது.

பத்து ரூபாய் நாணய அளவுக் கட்டிகள், ராத்திரி எழுந்து பேட் மாற்ற வேண்டிய நிலை, படியேறினால் மூச்சு வாங்குவது, இவையும் அதே செய்திதான். "எங்க வீட்ல எல்லாருக்கும் இப்படித்தான்" என்ற வார்த்தை எனக்கு ஆறுதல் தருவதில்லை. ரத்தம் உறைவதில் உள்ள குறையும் குடும்பமாகத்தான் வரும். முதல் பீரியட்ஸிலிருந்தே அதிகம் போய், பல் பிடுங்கியபோதும் ரத்தம் நிற்காமல் இருந்திருந்தால், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருக்கிறது என்று நிம்மதியடைய வேண்டாம்; இரும்புச் சேமிப்பு அதற்கு முன்பே காலியாகும், ஃபெரிட்டின் பார்த்தால்தான் தெரியும். கூடவே தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் டெஸ்ட், தேவைப்பட்டால் ஸ்கேன். காப்பர்-டி போட்டிருந்தாலும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தாலும் மறக்காமல் சொல்லுங்கள். அதுவே காரணமாக இருக்கலாம். மணிக்கு ஒரு பேட் வீதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊறினால், அல்லது தலைசுற்றினால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. பெங்களூரு வாணி விலாஸ் போன்ற அரசு மருத்துவமனையிலும் பார்ப்பார்கள்.

நாற்பதுக்கு மேல் இடைவெளி கூடுவதும் குறைவதும் சகஜம். ஆனால் முழுசாக 12 மாதம் நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும் பரிசோதனை வேண்டும். 45-க்கு மேல் போக்கு தாறுமாறானால் உள்வரியில் துளி எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி அவசியமாகலாம். உறவின்போதோ இரண்டு பீரியட்ஸுக்கு நடுவிலோ கறை பட்டால் கருப்பை வாயையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த வயதில்தான் "கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்ற பேச்சும் வரும். தேவையில்லாத கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதலை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. கையெழுத்துப் போடுமுன் பயாப்ஸி ரிசல்ட் என்ன, போக்கைக் குறைக்க அந்த நாள்களில் மட்டும் எடுக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை எனக்கு ஒத்துவருமா, கருப்பைக்குள் ஹார்மோன் சுரக்கும் சாதனமான ஐயுடி வைத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஃபைப்ராய்டு (கருப்பைத் தசையில் வளரும், புற்றுநோய் அல்லாத கட்டி) என்றால் எத்தனை சென்டிமீட்டர், எந்த இடத்தில் என்றும் கேளுங்கள். உள்வரியை ஒட்டி நிற்கும் சின்னக் கட்டி கொட்டவைக்கும். கருப்பையின் வெளிப்பக்கம் வளர்ந்த கட்டி அதைவிடப் பெரிதாக இருந்தாலும் பெரும்பாலும் போக்கைக் கூட்டாது.