பைக் எஞ்சினா, மாருதி எஞ்சினா?

கோத்தகிரியில் மழை விடவில்லை. ஷெட்டில் பாதி வெல்டிங் முடிந்த கிட் கார் (பாகங்களைச் சேர்த்து நாமே கட்டும் கார்) சட்டத்தின் முன்னால் அண்ணனும் நானும் இன்னும் எந்த எஞ்சினைப் போடுவது என்ற அதே சண்டையில்.

அவருக்கு பஜாஜ் டாமினார் 400 பைக்கின் எஞ்சின்தான் வேண்டும். எடை குறைவு, கியர்பாக்ஸும் ஒட்டியே வரும், அந்தச் சத்தம் வேறு! எனக்குப் பழைய மாருதி 800 காரின் எஞ்சின். குதிரைத்திறன் இரண்டிலும் நாற்பதை ஒட்டித்தான். ஆனால் டார்க், அதாவது எஞ்சினின் சுழற்றும் விசை? டாமினாரில் 35 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு 6,500 சுற்று (ஆர்.பி.எம்.) ஓடும்போதுதான். மாருதி 2,500லேயே 59 தருகிறது. எங்கள் ஏற்றத்தில் கிளட்ச் கருகாமல் ஏற எது வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் ரிவர்ஸ். பைக்கில் கிடையாது. (ஆர்.டி.ஓ. சமாச்சாரம் தனிக்கதை, இப்போதைக்கு எஸ்டேட் மண்பாதைதான்.) வளைவில் எதிரே தேயிலை டிராக்டர் வந்தால் யார் இறங்கித் தள்ளுவது என்று கேட்டேன்.

"நீதான்டா" என்கிறார்.