எழுத்துப் பலகையும் பார்வை வட்டமும்: பி2 பிரிவில் சேர்ந்த அனுபவம்

"பையன் புத்தகம் படிக்கிறான், ஆனால் வாசற்படி தெரியாமல் தடுக்கி விழுகிறான். பார்வையற்றோர் கிரிக்கெட்டில் அவனைச் சேர்த்துக்கொள்வார்களா?" ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் எந்தச் சோதனை அறிக்கையோடு போக வேண்டும் என்பதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கும் அதே நோய்தான். தமிழ்நாடு அணித் தேர்வுக்குப் போனபோது நடந்ததை அதற்காகவே எழுதுகிறேன்.

நம் நாட்டில் இந்த விளையாட்டை நிர்வகிப்பது பெங்களூரிலிருந்து இயங்கும் இந்தியப் பார்வையற்றோர் கிரிக்கெட் சங்கம். சமர்த்தனம் அறக்கட்டளை அதற்குத் துணை நிற்கிறது. பிசிசிஐ வேறு, இது வேறு. மாநில அணிகள் மோதும் நாகேஷ் கோப்பை இந்தச் சங்கத்தின் போட்டி.

களமிறங்கும் 11 பேரில் குறைந்தது 4 பேர் முழுப் பார்வையிழந்த பி1 பிரிவினராகவும், 3 பேர் மிகக் குறைந்த பார்வையுள்ள பி2 பிரிவினராகவும் இருக்க வேண்டும். ஓரளவு பார்வையுள்ள பி3 பிரிவினர் 4 பேருக்கு மேல் கூடாது. பி1 ஆட்டக்காரர் எடுக்கும் ஒவ்வொரு ரன்னும் இரண்டாகக் கணக்கில் சேரும். ஆகவே மட்டையைக் கையில் எடுக்கும் முன்பே நம் பிரிவு எது என்று தெரிந்தாக வேண்டும்.

முகாமில் முதலில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். என் நோயில் நடுப்பார்வை கடைசிவரை ஓரளவு நிற்கும். ஓரங்கள்தான் முதலில் போகும். நான் பாதிப் பலகையைப் படித்துவிட்டேன். "இவ்வளவு தெரிகிறதே, நீங்கள் எந்தப் பிரிவிலும் வரமாட்டீர்கள்" என்றார் பரிசோதித்தவர். அரசு தந்த மாற்றுத்திறனாளி அட்டையைக் காட்டினேன். அதிலுள்ள சதவீதம் உதவித்தொகைக்கும் சலுகைகளுக்கும் பயன்படுமே தவிர, ஆட்டப் பிரிவை அது தீர்மானிக்காது. அவர் அட்டையைத் திருப்பித் தந்தது சரிதான். ஆனால் கண்ணை அசைக்காமல் எவ்வளவு அகலம் தெரிகிறது என்ற பார்வைப் பரப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பியதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. என்னைப் போன்ற எத்தனை பேர் அந்த ஒரு பதிலோடு வீடு திரும்பியிருப்பார்கள்!

விதி தெளிவாக இருக்கிறது. இரண்டு கண்களில் நல்ல கண்ணை, கண்ணாடி போட்ட நிலையிலேயே அளக்க வேண்டும். எழுத்துப் படிக்கும் திறன் ஓர் அளவு. பார்வைப் பரப்பு இன்னோர் அளவு. பரப்பின் விட்டம் 40 பாகைக்குக் கீழே இருந்தால் பி3, 10 பாகைக்குக் கீழே சுருங்கியிருந்தால் பி2. இதை எனக்குச் சொன்னவர் மருத்துவர் அல்லர். அணியில் பல ஆண்டுகள் ஆடிய ஓர் அண்ணன். "தம்பி, பெரிமெட்ரி அறிக்கை எடுத்துக்கொண்டு வா, பேசிக்கொள்ளலாம்" என்றார்.

பெரிமெட்ரி என்பது பார்வைப் பரப்பை அளக்கும் சோதனை. அது வலிக்காது, ஆனால் அலுப்பூட்டும். வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, தாடையைத் தாங்கியில் பொருத்தி, நடுவிலுள்ள புள்ளியையே பார்த்திருக்க வேண்டும். அங்கங்கே சிறு ஒளிப்பொட்டுகள் தோன்றும்போது பொத்தானை அழுத்த வேண்டும். எனக்கு நடுவில் சில பொட்டுகள் தெரிந்தன. பிறகு வெகுநேரம் எதுவுமே இல்லை. கருவி ஓடும் ஓசை மட்டும் கேட்டது. அந்த நேரத்தில்தான் பலருக்கும் பதற்றம் வந்து, பொட்டு தெரியாமலே பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். தெரியாததைத் தெரிந்ததாக அழுத்தினாலும், கண்ணை அலையவிட்டாலும் கருவி குறித்துக்கொள்ளும். அறிக்கையின் நம்பகத்தன்மை போய்விடும். பார்வையைக் குறைத்துக் காட்டலாம் என்ற எண்ணமும் வேண்டாம். பி1 பிரிவில் ஆடும் ஒருவரின் இடத்தைப் பார்வை தெரிந்தவர் பறிப்பது, இந்த விளையாட்டுக்குச் செய்யும் துரோகம் என்பேன்.

இரண்டு கண்களுக்குமான அச்சுப் படங்களோடு மறுபடி போனேன். நடுவில் சிறு வெளிச்சத் திட்டு, சுற்றிலும் கறுப்பு. வேறொரு மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, பலகையைக்கூடக் காட்டாமல் பி2 என்று எழுதினார்.

களத்துத் தேர்வு தனிக் கதை. சத்தம் கேட்பதற்காக உள்ளே சிறு உலோகக் குண்டுகள் போட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் பந்து. பந்துவீச்சாளர் "ரெடி?" என்பார், நாம் "யெஸ்" சொல்ல வேண்டும், "பிளே" என்றபடி கையைத் தாழ்த்தித் தரையோடு வீசுவார். பந்து என் பார்வை வட்டத்துக்குள் இருக்கும்வரை கண்ணுக்குத் தெரியும். கடைசி இரண்டடியில் மறைந்துவிடும், அதன் பிறகு கலகலவென்ற சத்தம்தான். முழங்காலை மடித்து ஸ்வீப் ஆடப் பழகாதவர்களுக்கு இந்தப் பந்து பிடிபடாது. கண்ணை நம்பி ஆடிய வரை பந்து போய் இரும்பு ஸ்டம்பில் மோதும் ஓசைதான் கேட்டது. காதை நம்பத் தொடங்கிய பிறகே மட்டையில் பட்டது.

போகும்போது பெரிமெட்ரி அறிக்கையின் அசல், நகல், கண் மருத்துவர் கையெழுத்திட்ட சான்று, மாற்றுத்திறனாளி அட்டை எல்லாவற்றையும் ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த நோய் வளரக்கூடியது என்பதால் பழைய அறிக்கையோடு நிற்காமல் புதிதாக எடுத்துக்கொள்வது நல்லது. பெண் பிள்ளைகளின் பெற்றோரே, தயங்காதீர்கள்: 2025இல் நடந்த பார்வையற்ற பெண்களுக்கான முதல் டி20 உலகக் கோப்பையை, கொழும்பில் ஆடிய இறுதியாட்டத்தில் வென்றது நம் இந்திய அணி. அவர்களுக்கும் இதே மூன்று பிரிவுகள்தான், இதே சோதனைகள்தான்.